பதிவு எண்ணைக் கேளுங்கள்

ஊரை விட்டு பெங்களூரு வந்து ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிறவருக்குத் தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் போனால், முதலில் கை போவது கைபேசிக்குத்தான். தேடிய மறு நிமிடம் விளம்பரங்கள் வந்து நிற்கும். பத்து வருட அனுபவம், தமிழிலும் பேசலாம், முதல் செஷன் பாதிக் கட்டணம். சிரித்த முகம், பக்கத்தில் ஐந்து நட்சத்திரம்.

இத்தனைக்கும் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் இருக்கிற ஊர் இது. கிளினிக்கல் சைக்காலஜியில் 1950களிலிருந்தே ஆட்களைப் பயிற்றுவித்து வரும் வளாகம், ஓசூர் சாலையில் இருக்கிறது. ஆனால் அங்கே போய் வரிசையில் நிற்க லீவு போட வேண்டும். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற கூச்சம் வேறு. ஆன்லைன் தெரபி இந்த இரண்டு சங்கடத்தையும் தீர்க்கிறது. அதைக் குறைவான சிகிச்சை என்று ஒதுக்கவும் வேண்டாம். கொரோனா காலத்தில் நிம்ஹான்ஸே தொலைவழி உளசிகிச்சைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கேள்வி ஒன்றுதான்: திரையில் தெரிகிறவர் யார்?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள எல்லோராலும் முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்கான தகுதியை வரையறுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பு வேண்டும். பெரும்பாலானோர் படித்திருப்பது முதுநிலைப் பட்டத்துக்குப் பிறகு, நோயாளிகளோடு மேற்பார்வையில் பயிற்சி பெறும் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். இப்படிப் படித்தவர்களின் பெயர் ஆர்.சி.ஐ.யின் மத்தியப் பதிவேட்டில் இருக்கும். ஆளுக்கொரு எண் உண்டு. அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கச் சில நிமிடம் போதும். பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் 1992ஆம் ஆண்டின் ஆர்.சி.ஐ. சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஆயிரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பெங்களூருவில் பலர் ஒரு செஷனுக்கே அதைவிட அதிகம் வாங்குகிறார்கள்.

கிளினிக்கல் என்ற அடைமொழி இல்லாத வெறும் சைக்காலஜிஸ்ட், கவுன்சலர், தெரபிஸ்ட், மைண்ட் கோச் ஆகியோர் விஷயத்தில்தான் குழப்பம். எம்.எஸ்சி. உளவியல் படித்து, நல்ல மூத்தவரிடம் பல வருடம் பயின்ற அருமையான ஆலோசகர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். வார இறுதிச் சான்றிதழ் வகுப்போடு கடை விரித்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவர 2021இல் துணைநிலை சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அந்த ஏற்பாடு இன்னும் முழுதாகக் காலூன்றவில்லை. அதுவரை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் தலையில்தான்.

ஆகவே முதல் செஷனில் நீங்களும் கேள்வி கேளுங்கள். எங்கே படித்தீர்கள், பயிற்சியில் உங்களை மேற்பார்த்தது யார், என்னுடையதைப் போன்ற பிரச்சினையில் வேலை செய்திருக்கிறீர்களா, எந்த முறையில் செய்வீர்கள், எத்தனை செஷனுக்குப் பிறகு முன்னேற்றம் இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்? கைதேர்ந்தவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். தனக்குக் கைவராத பிரச்சினை என்றால் வேறொருவரிடம் அனுப்பியும் வைப்பார். இருபது செஷனுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்பவர், குணமாவதற்கு கேரண்டி தருபவர், சைக்கியாட்ரிஸ்ட் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், தானே மாத்திரை பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்புபவர் ஆகியோரிடமிருந்து அந்த நிமிடமே விலகிவிடலாம். மருந்து எழுதுவது மருத்துவம் படித்த சைக்கியாட்ரிஸ்டின் வேலை. சைக்காலஜிஸ்டுக்கு அந்த அதிகாரம் இல்லை. 

இன்னொன்று பலரைத் துணுக்குறச் செய்கிறது. நல்ல ஆன்லைன் சைக்காலஜிஸ்ட் தொடக்கத்திலேயே நீங்கள் இப்போது இருக்கும் இடத்தையும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்பதையும் கேட்பார். வேவு பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் மைசூருவில், நீங்கள் மாரத்தஹள்ளியில். பேச்சின் நடுவே உயிருக்கு ஆபத்தான நிலை வந்தால் அவர் வேறு எப்படி உதவி அனுப்புவார்? கேட்காதவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சந்தேகம் உண்டு. கம்பெனி செலவில் இலவச கவுன்சலிங் என்று மெயில் வரும். 'எச்.ஆருக்குத் தெரிஞ்சா அப்ரைசல்ல கை வைப்பாங்களோ' என்று பயந்து பாதிப்பேர் அந்தப் பக்கமே போவதில்லை. இத்தகைய திட்டங்களில் வழக்கமாகக் கம்பெனிக்குப் போவது எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற மொத்தக் கணக்கு. ஆனாலும் உங்கள் கம்பெனியின் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று ஆலோசகரிடமே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அலுவலக லேப்டாப்பிலும் அலுவலக மெயிலிலும் செஷன் வைத்துக்கொள்ள வேண்டாம். அது கம்பெனியின் சொத்து.

மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சையில் தெரியவந்த தகவலை ரகசியமாக வைத்துக்கொள்ளும் கடமையைச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 24ஆம் பிரிவு டிஜிட்டல் வடிவில் சேமித்த தகவலுக்கும் அதே தனியுரிமையைத் தருகிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நாம் பேசியது எல்லாம் சைக்காலஜிஸ்டிடம் மட்டுமே தங்குவதில்லை. ஆப் நடத்தும் நிறுவனத்திடமும் தங்குகிறது. அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் தெரபி நிறுவனம், பயனர்களின் மின்னஞ்சலையும் தொடக்கக் கேள்வித்தாளில் தந்த விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் உள்ளிட்டவற்றிடம் கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு, 2023இல் 78 லட்சம் டாலர் தர நேர்ந்தது. ஃபின்லாந்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. வஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் குறிப்புகளைத் திருடியவன், 2020இல் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பி, பணம் தராவிட்டால் எல்லாவற்றையும் வெளியிடுவேன் என்று மிரட்டினான். சுமார் 33,000 பேரின் அந்தரங்கம் அவன் கையில் இருந்தது. 2024இல் அவனுக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் சிறை கிடைத்தது; நிறுவனம் அதற்குள் திவாலாகிவிட்டது.

செஷன் பதிவாகிறதா, குறிப்புகள் எங்கே இருக்கின்றன, ஆப்பை விட்டு விலகினால் அழிப்பார்களா என்று கேட்க இந்த இரண்டு கதைகளே போதும். இந்தியாவிலும் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. உங்கள் உரையாடலை வைத்து யாராவது மிரட்டினால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு செஷன் தராதவர், இல்லாத தகுதியைச் சொன்னவர் மீது நுகர்வோர் சட்டம் பாயும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டின் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தொடுக்கலாம். ஆலோசகர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் பெங்களூருவை விட்டு நகர வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நெறி தவறினால் ஆர்.சி.ஐ.க்கு எழுதலாம்.

கையில் காசில்லை என்றால் 14416. டெலி மானஸ் என்ற இந்த இலவச சேவை 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது. அதற்குத் தலைமை மையம் நிம்ஹான்ஸ். இரவும் பகலும் இயங்கும், தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம், இல்லாத குரல்கள் கேட்பது, குடியை நிறுத்தியதும் வரும் கடும் நடுக்கம் ஆகியவற்றுக்கு வாராந்திர வீடியோ செஷன் போதாது. நிம்ஹான்ஸின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது.

நாலைந்து செஷன் போயும் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். 'இவ்வளவு சொன்ன பிறகு எப்படி விட்டுட்டுப் போறது' என்று தயங்கிப் பணம் கட்டிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. சிகிச்சையின் அடிப்படைப் பதிவுகளைப் பெறும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தருகிறது. இதுவரை நடந்ததன் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் புதியவரிடம் கொடுத்தால், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.