உஷார்! வயிற்றுப்போக்குக்குப் பிறகு கால் மரத்தால் சும்மா இருக்காதீர்கள்

மாஹிம், தாராவி பக்கம் குடியிருப்பவர்களே, கொஞ்சம் கவனியுங்கள். வயிற்றுப்போக்கு நின்று ஒரு வாரம் பத்து நாளில் இரண்டு பாதமும் மரத்துப்போகிறதா? ஸ்டேஷன் படியேற முடியவில்லையா? தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லையா? வாய்வு என்று தைலம் தேய்ப்பதும், தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதும் வேண்டாம். கில்லன் பாரே என்ற நரம்பு நோய், அதாவது ஜிபிஎஸ், இப்படித்தான் ஆரம்பிக்கும். காலில் தொடங்கும் பலவீனம் மேலேறி மூச்சுத் தசை வரை போனால் வென்டிலேட்டர்தான்.

எங்கோ நடக்கிற கதை இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கி புணேயில் சிங்ககட் சாலையை ஒட்டிய பகுதிகளில் மளமளவென்று 200 பேருக்கு மேல் இந்த நோயில் படுத்தார்கள். பலருடைய மலப் பரிசோதனையில் கேம்பிலோபாக்டர் கிருமி இருந்தது. சந்தேகம் குடிநீர் மேல் விழுந்தது. பிப்ரவரியில் மும்பையிலும் ஒரு சாவு. அவர் மாட்டுங்காவுக்கு அடுத்த வடாலாக்காரர்.

ஜிபிஎஸ் தொற்றுநோய் அல்ல. கிருமியை அழிக்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி, கிருமியின் மேற்பரப்பும் நரம்பின் மேற்பரப்பும் ஒத்திருப்பதால் நரம்பையும் தாக்கிவிடுகிறது. கேம்பிலோபாக்டர் தாக்கியவர்களில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு இது வரலாம். ஃப்ளூ, ஜிகா போன்ற வைரஸ்களும் தூண்டும்.

“கொரோனா ஊசியாலா?” என்பதுதான் பலர் கேட்கும் முதல் கேள்வி. கேள்வியில் தப்பில்லை. 1976-ல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் வீதம் கூடுதலாக ஜிபிஎஸ் வந்து, அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். நம்மூர் கோவிஷீல்டின் மூலமான அஸ்ட்ராஜெனெகா ஊசியில், 2021 ஜூலை வரை உலகம் முழுக்க ஏறத்தாழ 59 கோடி டோஸுக்கு 833 பேருக்கு வந்ததாகப் பதிவு. மிக அரிய பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் இதைக் காட்டிப் பிள்ளைகளின் ஊசியை நிறுத்துவது மடத்தனம். முன்பு ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் இந்த நோய் வந்தவர்கள் மட்டும் அடுத்த டோஸுக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டியது கேம்பிலோபாக்டர் வரும் வழிகளான தண்ணீருக்கும் கோழிக்கும்தான். சாக்கடையைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஓட்டைக் குழாய்த் தண்ணீரை, தெளிவாகத் தெரிந்தாலும், நன்றாகக் கொதிக்கவிட்டே குடியுங்கள். கோழியைக் குழாயடியில் அலசாதீர்கள். தெறிக்கும் நீர் பக்கத்துப் பாத்திரத்தில் விழும். கோழி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள். உள்ளே சிவப்புத் தெரியாமல் வேகட்டும்.

இம்யூனோகுளோபுலின் ஊசியோ பிளாஸ்மா மாற்றமோ முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் பயனில்லை. பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், மாதக்கணக்கில் ஆனாலும். கால் தளர்ந்தால் அன்றைக்கே சயான் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால், விழுங்க முடியாவிட்டால், 108-ஐ கூப்பிடுங்கள். சமீபத்தில் வயிற்றுப்போக்கு இருந்ததை டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.