காலண்டர் கிழிந்தாலும் சாமி படத்தைக் கிழிக்க மனசு வராதது ஏன்?

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்தவர்கள், பஸ் ஏறும் முன் கடையில் ஒரு படம் வாங்குவது வழக்கம். அண்ணாமலையார், உண்ணாமுலை அம்மன், மலை உச்சியில் தீபம், புன்னகைக்கும் ரமணர்... கடைக்காரர் சுற்றித் தரும்வரை அது அச்சடித்த காகிதம். வீட்டில் மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் அது சாமி!

ஆயிரக்கணக்கில் அடித்த ஒரு நகலுக்கு இந்த மதிப்பு எப்படி வந்தது?

ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1936-ல் வெளியான கட்டுரையில் இதற்கு நேர்மாறாகச் சொன்னார். ஒரு கலைப்படைப்பு ஓர் இடத்தில், ஒன்றே ஒன்றாக இருப்பதால்தான் அதைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் இருக்கிறது. கேமராவும் அச்சும் பிரதி எடுக்க எடுக்க அது மங்கிவிடும் என்பது அவர் வாதம். ஆனால், அதே பிரதிதான் கலையை எல்லோர் கைக்கும் கொண்டு சேர்க்கிறது என்பதையும் அவர் மறுக்கவில்லை.

ஆசிரமத்திலிருந்து அச்சகத்துக்கு

ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அரண்மனைச் சுவர்களில் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளுக்கு வந்தார்கள்.

தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தவர் சி.கொண்டையராஜு. 1898-ல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். துறவு நாட்டத்தில் திருவண்ணாமலை வந்து ரமணாசிரமத்தில் தங்கினார்; ரமணரை ஓவியமாகவும் வரைந்தார். பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரையப் போனார். குழு கோவில்பட்டியில் கலைய, அங்கேயே தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் வரைந்த தெய்வங்கள், சிவகாசியில் காலண்டராகி, மளிகைக்கடை, ஜவுளிக்கடை பெயர்களோடு ஊர் ஊராகப் போயின.

அப்போதைய காலத்தை மறந்துவிடக் கூடாது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்ததே 1939-ல்தான். சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர் வீட்டுக்கு, யாரிடமும் அனுமதி கேட்காமல் வந்த சாமி, அச்சில் வந்த சாமிதான். மூலவர் கருவறையிலேயே இருக்க, உற்சவர் வீதிக்கு வருவார் இல்லையா? காலண்டர் செய்ததும் ஏறக்குறைய அதைத்தான்.

மாறிப்போன முகம்

நகல் நம் பார்வையையும் மாற்றிவிட்டது. சிவன் என்றதும் பலர் மனக்கண்ணில் வருவது எண்ணெய் விளக்கொளியில் தெரியும் லிங்கம் அல்ல. நீல நிற மேனியும் பிறை நிலவும் கொண்ட காலண்டர் முகம். அண்ணாமலையில் மலையே லிங்கம். அதற்கு ஏது முகம்? நான்கு வண்ண மை கொடுத்த முகம் அது.

ரமணர் 1950 ஏப்ரல் 14-ல் மறைந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன் அவரைப் படமெடுத்தவர், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். இன்று ரமணரை 'அறிந்தவர்களில்' ஏறக்குறைய எல்லோருமே புகைப்படத்தில் பார்த்தவர்கள்தான். அந்தக் கண்களைப் படத்தில் பார்த்துவிட்டு, கடல் கடந்து இந்த ஊருக்கு வருபவர்கள் உண்டு. இங்கே நகல் அசலின் ஒளியை மங்கச் செய்யவில்லை. அசல் இருக்கும் இடத்துக்கு வழி காட்டுகிறது. தீபத்தை டி.வி-யில் நேரலையாகக் காட்டியும், கார்த்திகைக்குக் கூட்டம் லட்சக்கணக்கில் வருவது அதனால்தான்.

போனில் வரும் சாமி

தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், போனுக்குள் சாமிகள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வரும் முருகனை இப்போது ஏ.ஐ வரைகிறது. கொண்டையராஜுவின் நகலுக்குப் பின்னால் தூரிகை பிடித்த ஒரு கை, ஓர் அசல் இருந்தது. இதில் அசல் என்று காட்ட ஒன்றுமே இல்லை.

வருடம் முடிந்தால் தேதித்தாளைக் கிழித்துவிட்டு, காலண்டர் படத்தை மட்டும் வெட்டி ஃப்ரேம் போடுபவர்கள் உண்டு. செல்லரித்த படத்தைக்கூடக் குப்பையில் போடக் கை வராமல், அரச மரத்தடியில் வைத்துவிட்டு வருவோம்.

போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்ததும் நூறு சாமி படங்களை ஒரே தட்டில் அழிக்கும்போது, நம்மில் எத்தனை பேருக்குக் கை தயங்குகிறது?