கீழ்ப்பாக்கத்து மைதானத்தில் கானாவும் கிடாரும்

மார்கழி வந்தால் சென்னையில் சபா கேன்டீன் தோசைக்குக்கூட விமர்சனம் எழுதுவார்கள். அதே மார்கழியில், 2018 ஜனவரி 6ஆம் தேதி, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் வேறு மாதிரி ஒரு கச்சேரி. டிக்கெட் கிடையாது. மேடையில் கோட் சூட் போட்ட 19 பேர். இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு ஏறிய முதல் மேடை அது. பெயருக்கு மூலம் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் சொல்.

பாட்டின் அரசியலைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி என்று நேரடியாகப் பாடினால் பேசத்தானே செய்வார்கள்! எனக்கு கானாவும் கிடாரும் பறையும் சேர்ந்த அந்தச் சத்தத்தின் மேல்தான் ஆசை.

கானா வடசென்னைச் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடப்பட்டு வளர்ந்தது. அழுகிற வீட்டைப் பார்த்து, பாடுகிறவர் ஒரு வரியை இழுப்பார், சட்டென்று வெட்டுவார். டிரம்ஸ்காரருக்கோ எண்ணிக்கை பிசகக் கூடாது. இரண்டையும் ஒரே மேடையில் நிறுத்தினால் யாராவது ஒருவர் இறங்கிவர வேண்டும். நல்ல குழுவில் டிரம்ஸ்தான் இறங்கிவரும். இழுக்கிற வரி முடிகிறவரை கிடார் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பாடகர் திரும்பி வந்ததும் எல்லாரும் சேர்ந்து விழுவார்கள்.

பறையின் கதை தனி. பனி இறங்கினால் தோல் தொய்ந்துவிடும். அடித்தால் 'தொப்' என்று கேட்கும். வைக்கோலைக் கொளுத்தி, வட்டத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் சரி. அதற்குப் பிறகு மைக்கைச் சற்றுத் தள்ளியே வைக்கலாம். கிடாருக்குத்தான் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். நாலு சுவருக்குள் இந்தக் கூட்டணி காதைக் கிழிக்கும். வெட்டவெளியில் எதிரொலி இல்லாததால் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கும்.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடிய இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். ஆண்களே ஆண்டுகொண்டிருந்த கானாவில் அது சின்ன விஷயமில்லை. அதே ஆண்டு டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கியது.

இனி திறந்தவெளி விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மேடைக்குப் பின்னால் நெருப்பு மூட்ட ஓர் இடமும், தோல் காய்ச்ச கால் மணி நேரமும் ஒதுக்கிவிட்டு, அப்புறம் சவுண்ட் சர்வீஸ்காரருக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.