விம்கோ நகரில் வரைந்தால் ஓவியத்துக்கு என்ன விலை?

2025 மார்ச் மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், எம்.எஃப்.ஹுசைன் வரைந்த 'கிராம யாத்திரை' ஓவியம் சுமார் 118 கோடி ரூபாய்க்கு விலைபோனது. அதுவரை எந்த நவீன இந்திய ஓவியமும் தொடாத தொகை. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் 'ஓவியம் வரைந்தால் கோடி கோடியாக அள்ளலாம் போல' என்று ஒரு பேச்சு கிளம்பும். இரண்டு நாளில் அடங்கியும் விடும்.

அந்த ஓவியத்தின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனப் பணிக்காக டெல்லி வந்திருந்த நார்வே டாக்டர் ஒருவர், 1954-ல் அதை வாங்கினார். அன்றைய விலை சுமார் 1,400 ரூபாய். பிறகு அதை ஆஸ்லோ மருத்துவமனைக்கே கொடுத்துவிட்டார். கிட்டத்தட்ட 14 அடி நீள ஓவியம், பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தது. ஏலத்தில் கிடைத்த பணம் அங்குள்ள டாக்டர்களின் பயிற்சிக்குப் போகிறது. நல்ல காரியம்தான். ஆனால் ஹுசைன் 2011-லேயே இறந்துவிட்டார். அந்த ஓவியத்தால் அவருக்கு ஏதாவது வந்திருந்தால், அது 1954-ல் வந்ததுதான்.

ஓவியச் சந்தையில் இரண்டு வியாபாரம் நடக்கிறது. ஓவியர் கையிலிருந்து முதன்முறை விற்பது ஒன்று. வாங்கியவர் பல வருடம் கழித்து இன்னொருவருக்கு விற்பது மற்றொன்று. பேப்பரில் வருவதெல்லாம் இரண்டாவது. இன்றைக்கு வரைந்துகொண்டிருக்கும் இளம் ஓவியருக்குச் சோறு போடுவது முதலாவது மட்டும்தான். அது எப்படி நடக்கிறது என்று பார்க்க நியூயார்க் வரை போக வேண்டாம். மெட்ரோவில் ஏறி வடக்கே கடைசி வரை போனால் போதும்.

தீப்பெட்டிப் படத்தை வரைந்தவர் யார்?

விம்கோ நகர் என்ற பெயரே தீப்பெட்டியிலிருந்து வந்ததுதான். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம் விம்கோ. ஸ்வீடன் நாட்டு முதலீட்டில் 1923-ல் தொடங்கிய கம்பெனி. அதன் திருவொற்றியூர் ஆலையைச் சுற்றி எழுந்த பகுதிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 'கப்பல்' தீப்பெட்டியையும் 'ஹோம்லைட்ஸ்' பெட்டியையும் பார்க்காத சமையலறை அந்தக் காலத்தில் குறைவு. ஒரு ஓவியம் எத்தனை வீடுகளுக்குப் போக முடியும் என்று கேட்டால், தீப்பெட்டி லேபிளைத் தாண்டி வேறு எதுவும் போயிருக்காது. இன்று பழைய லேபிள்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், காசு கொடுத்தும் வாங்குகிறார்கள். வரைந்தவர் பெயர் மட்டும் லேபிளில் இல்லை.

சினிமா பேனர் வரைந்தவர்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதான். தியேட்டர் வாசலில் நாற்பது அடி முகத்தைக் கட்டம் போட்டுப் பிரித்து, சாரத்தில் தொங்கியபடி வரைந்த அந்தக் கைகளை, 2000-க்குப் பிறகு வந்த ஃப்ளெக்ஸ் ஒரேயடியாக ஓரம் கட்டியது. ஹுசைனும் மும்பைக்கு வந்த புதிதில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர்தான். பேனரில் அவர் கையெழுத்து இல்லை, கேன்வாஸில் இருந்தது. விலை ஏறியது கையெழுத்து இருந்ததற்குத்தான்.

ஒரு சதுர அங்குலம் என்ன விலை?

ஒரு பேச்சுக்கு, விம்கோ நகரில் ஒரு மொட்டைமாடி அறையில் வரையும் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் நான்கு வருடம் படித்து முடித்திருக்கிறாள். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி அது. சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போய்விடலாம் என்பதால், வட சென்னைப் பிள்ளைகளுக்கு எட்டுகிற தூரம். டி.பி.ராய் சௌத்ரியும் கே.சி.எஸ்.பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம்.

படிப்பு எட்டிய தூரத்தில் விற்பனை இல்லை. சென்னையின் ஆர்ட் கேலரிகளைக் கணக்கெடுத்தால் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு என்று எல்லாம் கூவத்துக்குத் தெற்கே. அதற்கும் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. நான்கடி கேன்வாஸைப் பேருந்திலும் ஏற்ற முடியாது, ஆட்டோவிலும் அடங்காது. பத்து ஓவியங்களோடு கண்காட்சி வைக்க வேண்டுமென்றால் ஒரு குட்டியானை பிடிக்க வேண்டும். விற்காமல் திரும்பினால் வாடகை இரண்டு முறை.

சரி, விலை எப்படி வைப்பாள்? புது ஓவியர்கள் பலர் சதுர அங்குலக் கணக்குப் பார்க்கிறார்கள். 24-க்கு 30 அங்குல ஓவியம் என்றால் 720 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 25 ரூபாய் வைத்தால் 18,000 ரூபாய். ஓவியத்தை மனை மாதிரி அளந்து விற்பதா என்று சிரிப்பு வரலாம். எனக்கும் இந்த முறை பிடிக்கவில்லை. சின்னத் தாளில் உயிரைக் கொடுத்து வரைந்ததற்குக் குறைந்த விலையும், பெரிய கேன்வாஸை நீல வண்ணத்தால் நிரப்பியதற்குக் கூடுதல் விலையும் கிடைப்பது என்ன நியாயம்? ஆனால் பெயர் தெரியாத ஓவியருக்கு இது ஒரு பாதுகாப்பு. 'ஏன் இந்த விலை' என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு கணக்காவது கையில் இருக்கும்.

அந்த 18,000 ரூபாயில் கேலரியின் பங்கு 30-லிருந்து 50 சதவிகிதம் வரை இருக்கும். 40 என்று வைத்துக்கொண்டால் 7,200 போக, கையில் 10,800. கேன்வாஸ், வண்ணம், ஃப்ரேம், வண்டி என்று 4,000 கழித்தால் மிச்சம் 6,800. வரைய 15 நாள் ஆனதென்றால் நாளுக்கு 450 ரூபாய் சொச்சம். பக்கத்து வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வருபவரின் நாள் கூலி இதைவிட அதிகம். இதுவும் ஓவியம் விற்றால்தான்.

கேலரிக்காரர்களை வில்லனாக்கிவிட வேண்டாம். இடத்துக்கு வாடகை, விளக்கு, அழைப்பிதழ், வாங்கும் ஆட்களோடு பல வருடப் பழக்கம் எல்லாம் அவர்கள் முதலீடு. நல்ல கேலரி, ஓவியரின் விலையைச் சரியவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு முறை 18,000-க்கு விற்றதை அடுத்த மாதம் தெரிந்தவருக்கு 8,000-க்குக் கொடுத்தால், முதலில் வாங்கியவர் ஏமாந்தவராகிவிடுவார். அதன்பின் அந்த ஓவியரிடம் யாரும் சொன்ன விலைக்கு வாங்க மாட்டார்கள். மாத வாடகை கொடுக்க வேண்டிய நாளில் இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். வீட்டில் வசதி இருப்பவர்களால் காத்திருக்க முடிகிறது. இல்லாதவர்களால் முடிவதில்லை. ஓவியத்தின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பாத்திக் விற்று வாங்கிய நிலம்

இந்தச் சிக்கலுக்குச் சென்னையிலேயே ஒருமுறை வழி கண்டுபிடித்தார்கள். கல்லூரி முடித்தவர்கள் வேலை தேடி விளம்பரக் கம்பெனிக்கும் துணி ஆலைக்கும் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்களே என்று பணிக்கருக்குக் கவலை. அவரும் மாணவர்களும் சேர்ந்து பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடலோரம் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். வயிற்றுக்குக் கைவினை, மனதுக்கு ஓவியம் என்று பிரித்துக்கொண்டதால், அவசரத்துக்கு ஓவியத்தை விற்க வேண்டிய நெருக்கடி குறைந்தது.

அங்கே வாழ்ந்த கே.ராமானுஜம், கறுப்பு மையில் கனவு நகரங்களை வரைந்தவர். மனநோயோடு போராடி, முப்பதுகளின் தொடக்கத்திலேயே 1973-ல் இறந்துபோனார். இன்று அவருடைய ஓவியங்கள் ஏலத்துக்கு வருகின்றன, வாங்கப் போட்டியும் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது அந்தப் போட்டி இல்லை.

இன்று 10 ஏக்கர் வாங்கும் கதையெல்லாம் நடக்காது. பாத்திக்குக்குப் பதில் வேறு வேலைகள் வந்திருக்கின்றன. சினிமாவில் கலை இயக்கப் பிரிவு, ஸ்டோரிபோர்டு, டாட்டூ, திருமண வீட்டில் உட்கார்ந்தபடியே உருவப்படம் வரைந்து தருவது, பள்ளிச் சுவர். 2020-ல் கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டவைத்த பிறகு, சுவரோவியத்துக்கு ஒரு மவுசு வந்தது. கூலி உண்டு, பெயரும் பரவும். சுவரைக் கழற்றி விற்கத்தான் முடியாது.

விற்பனையே இல்லாத மேடைகளும் உதவுகின்றன. கவின்கலைக் கல்லூரியில் படித்த பெனித்தா பெர்சியல், குங்கிலியம், பட்டை, கிராம்பு போன்ற வாசனைப் பொருட்களால் செய்த சிற்பங்களை 2014 கொச்சி பினாலேயில் வைத்தார். பார்வையாளர்கள் கண்ணுக்கு முன் மூக்கால் ரசித்த படைப்பு. பினாலேயில் எதையும் விற்பதில்லை. ஆனால், நாளைக்கு வாங்கப்போகிறவர்களும் அழைக்கப்போகிறவர்களும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பார்கள். மதுரையிலிருந்து வந்த புகைப்படக் கலைஞர் எம்.பழனிக்குமார், துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் பல வருடம் படமெடுத்தவர். 2022-ல் தயானிதா சிங் – பாரி விருதை முதல் ஆளாகப் பெற்றார். வியாசர்பாடிப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைக் காட்சிக்கு வைத்ததும் அவர்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வட சென்னை ஓவியர் என்றதும், சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகம், துறைமுகக் கிரேன், குத்துச்சண்டை, கட்டுமரம் என்று எதிர்பார்க்கிறார்கள். அது இருந்தால்தான் 'உண்மையான' ஓவியமாம். அனல்மின் சாம்பலையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூரில் பரவிய எண்ணெயையும் வரைய வேண்டியவர்கள் வரையத்தான் வேண்டும். ஆனால் மயிலாப்பூர் ஓவியர் மல்லிகையை வரையலாம், விம்கோ நகர் ஓவியர் புகைக்கூண்டை மட்டும்தான் வரைய வேண்டும் என்றால், அதுவும் ஒரு வேலிதான்.

சட்டத்தில் ஒரு பத்து சதவிகிதம்

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். நம் காப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1994 திருத்தத்தில் சேர்த்தது. அசல் ஓவியமோ சிற்பமோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், அந்த விலையில் ஒரு பங்கு கேட்க ஓவியருக்கும் அவருக்குப் பின் வாரிசுக்கும் உரிமை உண்டு. உச்ச வரம்பு பத்து சதவிகிதம். பிரான்சில் 1920-லிருந்தே இப்படி ஓர் உரிமை இருக்கிறது. நம் ஊரில் ஏட்டில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை. கேட்பவர்கள் அரிது. ஓவியம் யார் கைக்குப் போனது என்று எழுதி வைக்காவிட்டால் கேட்கவும் முடியாது.

அதிலும் ஒரு கொக்கி. நீங்கள் காசு கொடுத்து 'என் அப்பாவை வரைந்து கொடு' என்று சொல்லி வரையவைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அதன் காப்புரிமையின் முதல் சொந்தக்காரர் நீங்கள்தான், ஓவியர் இல்லை. அப்படிப்பட்ட ஓவியத்துக்கு அந்த மறுவிற்பனைப் பங்கும் கிடையாது. நம் இளம் ஓவியர்களின் வருமானத்தில் பெரும்பகுதி இப்படிக் கேட்டு வரைவதிலிருந்துதான் வருகிறது. ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினால் நிலைமை மாறும். கல்லூரியில் நிழல் விழுவதைச் சொல்லிக்கொடுக்கும் அதே அக்கறையோடு இந்த நான்கு வரியையும் சொல்லிக்கொடுக்கலாம்.

மாறாக, ஓவியரே தன் இஷ்டத்துக்கு வரைந்து வைத்ததை நீங்கள் வாங்கினால், ஓவியம் உங்களுடையது, காப்புரிமை அவருடையது. சுவரில் மாட்டலாம், பரிசளிக்கலாம், விற்கலாம். ஆனால் உங்கள் கடையின் புத்தாண்டுக் காலண்டரில் அச்சடிக்க அவரைக் கேட்க வேண்டும்.

வாங்கப் போகிறீர்களா?

சோபாவுக்கு மேலே மாட்ட, கடையில் அச்சடித்த கேன்வாஸ் படத்துக்கு ஐந்தாயிரம், ஆறாயிரம் கொடுக்கிறோம். அதே பணத்துக்குச் சிறிய அசல் ஓவியம் கிடைக்கும். அச்சோவியம் என்றால் இன்னும் குறையும். கணினியிலிருந்து எடுக்கும் பிரின்ட்டைச் சொல்லவில்லை. கல்லிலோ மரத்திலோ உலோகத் தகட்டிலோ ஓவியரே செதுக்கி, மை தடவி, கையால் எடுக்கும் படி. அடியில் பென்சிலில் 3/25 என்று எழுதியிருந்தால், மொத்தம் எடுத்த 25-ல் இது மூன்றாவது என்று பொருள். கையெழுத்து, வருடம், எந்த ஊடகத்தில் வரைந்தது, ரசீது ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். கைப்பட வரைந்த ஓவியத்துக்கான ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விகிதத்தில் பில் போட்டால் கேளுங்கள்.

நாளைக்குக் கோடியாகும் என்று மட்டும் வாங்காதீர்கள். பெரும்பாலும் ஆகாது. தினமும் பார்க்கப் பிடித்திருந்தால் வாங்குங்கள். பிடித்திருந்து பணம் போதவில்லை என்றால், இரண்டு தவணையில் தரட்டுமா என்று கேட்கலாம். பல ஓவியர்கள் சரி என்பார்கள். பேரம் பேசி பாதியாக்குவதைவிட இது அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

விம்கோ நகர் பக்கம் இருப்பவர்கள் மெட்ரோவில் ஏறி ஆயிரம் விளக்கில் இறங்கினால், கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி. புதிதாக வருபவர்களின் கண்காட்சிகள் அங்கே நடந்தபடி இருக்கும். விலை பெரும்பாலும் சுவரில் ஒட்டியிருக்காது. பட்டியல் ஓவியரிடமோ மேஜையிலோ இருக்கும், கேட்டால் தருவார்கள். ஓவியத்துக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால், யாரோ முந்திக்கொண்டார்கள் என்று அர்த்தம்.