உங்களுக்குத் தெரியுமா? தலைமுடியில் பின்னிய வளையல்

சாப்பாட்டில் ஒரு முடி கிடந்தால் தட்டையே தள்ளிவிடும் நமக்கு இது கொஞ்சம் திடுக்கென்றிருக்கும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மனதுக்கு நெருங்கியவர்களுக்குத் தலைமுடியில் செய்த நகையைப் பரிசளிப்பது பெரிய அன்பின் அடையாளம். வளையல், காதணி, கைக்கடிகாரம் வருவதற்கு முந்தைய காலத்துக் கடிகாரச் சங்கிலி என எல்லாமே முடியில் உண்டு.

வேலை எளிதல்ல. முடியைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள். நீளவாரியாகப் பிரிப்பார்கள். நடுவில் துளையுள்ள வட்ட மேசையில் கற்றைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு ஈயக்குண்டு கட்டி, ஒரு கம்பியைச் சுற்றிப் பின்னுவார்கள். பின்னியதை மறுபடி கொதிக்கவைத்து உலர்த்திக் கம்பியை உருவினால், உள்ளே கூடான முடிக்குழல் அப்படியே நிற்கும். தங்கக் கொக்கி மாட்டுவது மட்டும் தட்டான் வேலை.

கடையில் கொடுத்தால் வேறு யாருடைய முடியையாவது வைத்துவிடுவார்களோ என்ற சந்தேகத்தாலேயே பல பெண்கள் வீட்டிலேயே பின்னக் கற்றார்கள். (நியாயமான சந்தேகம்தான்!) அமெரிக்காவில் 1867-இல் மார்க் கேம்ப்பெல் என்பவர் இதற்கென்றே ஒரு செய்முறை நூல் வெளியிட்டார்.

எழுத்தாளர் சார்லட் பிராண்டியிடம், தங்கைகள் எமிலி, ஆன் இருவரின் முடியையும் சேர்த்துப் பின்னிய செவ்வந்திக்கல் வளையல் இருந்தது. ஹாவர்த் ஊரிலுள்ள பிராண்டி அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

சுவீடனின் வோம்ஹூஸ் கிராமப் பெண்கள் இந்த முடிப்பின்னல் வேலைக்காகவே அக்காலத்தில் நாடு நாடாகப் போய்ச் சம்பாதித்தார்கள். அங்கே இன்றும் இந்தக் கைத்தொழில் நடக்கிறது.