சுடச் சொன்னது யார்?

பொங்கல் முடிந்து சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும் சமயத்தில், ஆண்டுதோறும் ஜனவரி 19 அன்று திருமெய்ஞானத்தில் செங்கொடி ஏற்றுகிறார்கள். குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை, செம்பனார்கோயில், ஆக்கூர் என்று கிழக்கே போனால் திருக்கடையூர். அதை ஒட்டிய ஊர் இது. அறுபதாம் கல்யாணத்துக்கு அபிராமி சந்நிதிக்கு வந்து போகிறவர்களில் பெரும்பாலோருக்கு, இந்த மண்ணில் இரண்டு கூலித் தொழிலாளிகள் போலீஸ் குண்டுக்குப் பலியான கதை தெரியாது. அஞ்சான், நாகூரான் என்பது அவர்கள் பெயர். 1982 ஜனவரி 19 அன்று நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் நடந்தது. விலைவாசி உயர்வுக்கு எதிராக, எஸ்மா சட்டத்துக்கு எதிராக, விவசாயத் தொழிலாளிக்குக் கட்டுப்படியான கூலி கேட்டு நடந்த வேலைநிறுத்தம். அதே நாளில் மன்னார்குடியில் ஞானசேகரன் சுடப்பட்டு இறந்தார். ஒரே நாளில் டெல்டாவில் மூன்று உயிர்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொடி ஏறுகிறது, மாலை விழுகிறது, வீரவணக்க முழக்கம் கேட்கிறது. அன்றைக்குச் சுடச் சொன்னவர் யார், எந்த நிலைமையைப் பார்த்துச் சொன்னார் என்ற பேச்சு மட்டும் கூட்டத்தில் எழுவதில்லை. செத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. உத்தரவு போட்டவர் பெயர் ஊர் நினைவில்கூட இல்லை.

இந்தக் கேள்வியை இப்போது உலகத்தின் இன்னொரு மூலையில் கேட்கிறார்கள். 2026 ஜனவரியில் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில், குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்த வந்த மத்திய அரசின் முகவர்கள் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். முதலில் காரில் இருந்த ஒரு பெண். மூன்று வாரம்கூட ஆகவில்லை, அடுத்து ஒரு ஆண் செவிலியர். இருவருமே அமெரிக்கக் குடிமக்கள். உடல் ஆறுவதற்குள் அரசுத் தரப்பு 'தற்காப்புக்காகச் சுட்டோம்' என்றது. தெருவில் நின்றவர்கள் செல்போனில் எடுத்த காட்சிகள் அந்தக் கதையோடு ஒத்துப்போகவில்லை. மாநிலப் புலனாய்வுத் துறை விசாரிக்க முன்வந்தபோது, மத்திய அரசு ஆதாரங்களைக் கொடுக்காமல் ஒதுக்கி வைத்தது. ஊர் கொதித்தது.

அமெரிக்கா நமக்குத் தூரம் என்று நினைக்க வேண்டாம். எல்லையில் நிற்கிற துப்பாக்கிக்கு உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதம் சட்டென்று பிடிபடாது என்பதை எங்கள் மாவட்டமும் அறியும். 2022 அக்டோபர் 21 அன்று பாக் நீரிணைப் பகுதியில் மீன்பிடித்துக்கொண்டிருந்த விசைப்படகை நோக்கி இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். பங்காரம் சுட்டது. படகில் இருந்த பத்துப் பேரும் நம் மீனவர்கள். மயிலாடுதுறை மாவட்டம் வானகிரியைச் சேர்ந்த ஒருவர் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நிற்கச் சொல்லியும் படகு நிற்கவில்லை, அதனால் எச்சரிக்கையாகச் சுட்டோம் என்றது கடற்படை. இலங்கைக் கடற்படை சுட்டால் தபால் அலுவலகத்தை முற்றுகையிடலாம், டெல்லிக்குக் கடிதம் எழுதலாம். நம் கடற்படையே சுட்டால் யாரை முற்றுகையிடுவது? அந்த வாரம் கட்சிக்காரர்கள் திணறியதை மறக்க முடியாது.

ஆனாலும் நம் காலத்தில் இந்த விவாதத்துக்கு முழு ஆவணமும் கிடைத்திருக்கிற இடம் தூத்துக்குடிதான். 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாள். 144 தடை உத்தரவு இருந்தது. பனிமய மாதா கோயில் பக்கமிருந்தும் மற்ற பகுதிகளிலிருந்தும் புறப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். கல்வீச்சு நடந்தது, வண்டிகள் எரிந்தன. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நியாயமாக இருக்காது. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 17 வயது ஸ்னோலினும் ஒருவர். மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒரு போலீஸ்காரர் வேனின் மேல் ஏறிக் குறிபார்க்கிற காட்சி அன்று மாலைக்குள் தமிழ்நாட்டின் எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டது. சீருடைகூட இல்லாமல், ஏதோ பறவை சுடப் போகிறவர் மாதிரி.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் இதை நான்கு ஆண்டுகள் விசாரித்தது. 2022 மே மாதம் கொடுத்த இறுதி அறிக்கை, அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தென்மண்டல ஐ.ஜி., டி.ஐ.ஜி., எஸ்.பி. முதல் காவலர் வரை 17 போலீஸார், அப்போதைய ஆட்சியர், துணை வட்டாட்சியர் நிலையிலிருந்த மூன்று பேர் என்று பெயர் சொல்லியே பொறுப்பாக்கியது. ஒரே காவலர் வெவ்வேறு இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டு 17 ரவுண்டு சுட்டிருக்கிறார் என்று பதிவு செய்தது. ஓடிக்கொண்டிருந்தவர்களை மறைவிடத்திலிருந்து சுட்டதையும் சொன்னது. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்ற அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் கூற்றை ஏற்க மறுத்தது.

அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. மாவட்டமே கொந்தளித்த அன்று, மாவட்டத்தின் தலைமை நிர்வாக நடுவரான ஆட்சியர் கோவில்பட்டியில் இருந்திருக்கிறார். சூட்டுக்கு உத்தரவிடும் அதிகாரம் துணை வட்டாட்சியர்களின் கையில் விடப்பட்டது. ஜமாபந்தியில் பட்டா மாற்ற மனு வாங்குகிற, முதியோர் பென்ஷனுக்குப் பரிந்துரை எழுதுகிற அதிகாரிக்கு, பக்கத்தில் ஐ.ஜி. நிற்கும்போது 'சுட வேண்டாம்' என்று சொல்லும் திராணி இருக்குமா? ஆனால் கோப்பில் கையெழுத்து மட்டும் அவருடையது. உத்தரவு போடத் தகுதியுள்ளவர்கள் இடத்தில் இல்லை, இடத்தில் இருந்தவர்களுக்கு உத்தரவை மறுக்கும் பலம் இல்லை. பதின்மூன்று பேரைக் காவு கொடுத்த ஓட்டை அதுதான் என்பேன். சுட்ட காவலரின் விரல் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே.

குத்தாலத்துக்குப் பக்கத்துக் கதிராமங்கலத்தையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். தூத்துக்குடிக்கு ஓராண்டுகூட முந்தாத சம்பவம். 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி.யின் குழாய் உடைந்து வயலில் கச்சா எண்ணெய் பெருகியது. ஊர்க்காரர்கள் ஆட்சியர் நேரில் வர வேண்டும் என்று வழியை மறித்து உட்கார்ந்தார்கள். கசிவுக்குப் பக்கத்தில் தீ பற்றியது. வைத்தது யார் என்று இரு தரப்பும் இரண்டு கதை சொன்னார்கள். தடியடி நடந்தது. பெண்களும் அடி வாங்கினார்கள். மயிலாடுதுறைப் பேராசிரியர் த.ஜெயராமன் உட்படப் பத்துப் பேர் சிறைக்குப் போனார்கள். ஆகஸ்டில்தான் ஜாமீன் கிடைத்தது. அவர்களுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த மாணவி வளர்மதி மீது குண்டர் சட்டமே பாய்ந்தது. ஊர்ப் பெண்கள் அய்யனார் கோயிலடியில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்ததில் அந்த உட்காரலுக்குப் பங்குண்டு.

கதிராமங்கலத்திலும் கூட்டம், தீ, கோபம், வராத ஆட்சியர் எல்லாம் இருந்தன. துப்பாக்கி மட்டும் பேசவில்லை. தூத்துக்குடி அளவுக்குக் கூட்டம் இல்லை என்று சொல்லலாம். திருமெய்ஞானத்தில் மட்டும் லட்சம் பேரா இருந்தார்கள்? களத்தில் இருக்கும் அதிகாரியின் குணத்தையும் அன்றைய அரசியல் கணக்கையும் பொறுத்துத்தான் தடியா துப்பாக்கியா என்பது முடிவாகிறது. சட்டம் அந்த இடத்தில் ஒப்புக்குத்தான் நிற்கிறது.

சட்டம் சொல்வது இதுதான். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலையச் சொல்லும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கும் காவல் நிலைய அதிகாரிக்கும் உண்டு. நிலைய அதிகாரி இல்லாதபோது சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிக்கு. எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி என்று படிப்படியாகப் போய், வேறு வழியே இல்லாதபோதுதான் துப்பாக்கி என்கின்றன போலீஸ் நிலையாணைகள். படிப்பதற்கு ஒரு குறையும் இல்லை. மீறினால் என்ன என்ற கேள்விக்குப் போனால்தான் கதவு சாத்தியிருப்பது தெரியும்.

தூத்துக்குடிக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். இறந்தவர்களின் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய், வாரிசுக்கு அரசு வேலை. ஆறே நாளில் ஆலைக்குச் சீல். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஆலை நிறுவனமான வேதாந்தாவின் மனுவைத் தள்ளியது. தேசிய மனித உரிமை ஆணையம் சில மாதங்களிலேயே வழக்கை முடித்துக்கொண்டது. அதைத் திரும்ப எடுக்கக் கோரி மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஹென்றி திபேன் மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் படியேற வேண்டியிருந்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது கொலை என்று முழங்கியவர்கள், ஆளுங்கட்சியானதும் அறிக்கையை அவையில் வைத்தார்கள், சிலரை சஸ்பெண்ட் செய்தார்கள். பணமும் வேலையும் ஏழைக் குடும்பத்துக்குத் தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதையே பதிலாகக் கொடுத்து ஆளை அனுப்பும் பழக்கம் எல்லாக் கட்சிக்கும் பொது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசிடம் அனுமதி கேட்டால், 120 நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளலாம் என்று 218-வது பிரிவில் ஒரு கெடு வைத்திருக்கிறார்கள். நல்ல திருத்தம். கூட்டத்தைக் கலைக்கச் சுட்டவர்களுக்கு என்று 151-வது பிரிவு தனியாக இருக்கிறது. அதன்படியும் அரசு அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. அந்தப் பிரிவில் கெடு எதுவும் எழுதப்படவில்லை. சுட்டது மாநிலப் போலீஸ் என்றால், அனுமதி தர வேண்டியதும் அதே மாநில அரசுதான்.