ஆலைக்குப் பூட்டுப் போட்டாச்சு... கழிவுக்கு?

தூத்துக்குடி என்றதும் முத்து, உப்பு, மக்ரூன், துறைமுகம் என்று வரிசையாக நினைவுக்கு வரும். அந்த வரிசையில் ஸ்டெர்லைட் என்ற பெயரும் சேர்ந்துவிட்டது. 2018 மே 22 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். ஆறே நாள்களில் ஆலையை நிரந்தரமாக மூட தமிழக அரசு உத்தரவிட்டது.

ஆலையின் புகையைப் பற்றியும் போராட்டத்தைப் பற்றியும் நிறையப் பேசிவிட்டோம். நாம் அதிகம் பேசாதது, கழிவைத் தேக்கிவைக்கும் குட்டைகளையும் அவற்றைச் சுற்றிய கரைகளையும் பற்றித்தான்.

கழிவு எப்படிச் சேர்கிறது?

நம் வீட்டு மின்சார ஒயருக்குள் இருக்கும் தாமிரம், கல்லோடு கலந்த தாதுவாகத்தான் ஆலைக்கு வருகிறது. உருக்கிப் பிரிக்கும்போது ஒரு டன் தாமிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு டன் கறுப்புக் கசடு மிஞ்சும். அப்போது வெளியாகும் கந்தக வாயுவைப் பிடித்துக் கந்தக அமிலம் ஆக்குகிறார்கள். அதை வைத்துப் பாஸ்பாரிக் அமிலம் தயாரித்தால், ஒரு டன்னுக்கு நான்கைந்து டன் ஜிப்சம் கழிவு சேரும்.

இந்த ஜிப்சத்தில் அமில ஈரம் இருக்கும். அதனால் குட்டையின் அடியில் நீர் இறங்காத விரிப்பு, சுற்றிலும் உறுதியான கரை, கசியும் நீரைப் பிடிக்க வாய்க்கால், நிலத்தடி நீரைச் சோதிக்கக் கிணறுகள் எல்லாம் வேண்டும்.

வாரியம் சொன்ன ஐந்து காரணங்கள்

2018 ஏப்ரல் 9 அன்று, ஆலையை இயக்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுத்தது. அது சொன்ன காரணங்கள் ஐந்து. நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகளைத் தரவில்லை. உப்பாறு ஓரத்திலும் பட்டா நிலத்திலும் கொட்டிய கசடை அகற்றவில்லை. அபாயகரமான கழிவைக் கையாளும் அனுமதி இல்லை. காற்றில் ஆர்சனிக் போன்ற கன உலோகங்களைச் சோதிக்கவில்லை. ஜிப்சம் குட்டையை மத்திய வாரிய விதிப்படி கட்டவில்லை. ஐந்தில் நான்கு, கழிவையும் தண்ணீரையும் பற்றியவை.

கசடு நஞ்சல்ல, சாலை போடவும் சிமென்ட் தயாரிக்கவும் உதவும் பொருள்தான் என்பது நிறுவனத்தின் வாதம். ஆனால் நஞ்சில்லாத வெறும் மண்ணையே மலைபோல் குவித்தாலும் ஓடை அடைபடத்தானே செய்யும்? மூடல் சரிதான் என்று 2020 ஆகஸ்ட் 18-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் மேல்முறையீட்டை 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலையை மூடுவது முதல் வழியாக இருக்கக் கூடாது, ஆனால் மீறல்கள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன என்று அது சுட்டிக்காட்டியது.

இடையில் 2023 ஏப்ரலில் ஒரு சின்ன உத்தரவு வந்தது. உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவின் மேற்பார்வையில், நிறுவனத்தின் செலவில், மிச்ச ஜிப்சத்தை அகற்றவும் கழிவுப் புதைகுழியின் கசிவு நீரை இறைக்கவும் அதன் கரையைச் சீரமைக்கவும் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆலை ஓடாமல் நின்று ஐந்து வருஷம் ஆன பிறகும் கரைக்கு வேலை இருந்தது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

ஓய்ந்த அணையும் உடையும்

பிரேசிலின் புருமாடினோ ஊரில் இரும்புத் தாதுச் சுரங்கத்தின் கழிவுச் சேற்றைத் தேக்கிய அணை, 2016-க்குப் பிறகு புதுக் கழிவு எதையும் வாங்கவில்லை. 2018-ல் 'உறுதியாக இருக்கிறது' என்று சான்றிதழும் கிடைத்தது. 2019 ஜனவரி 25, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது உடைந்தது. தொழிலாளர்களின் கேன்டீனே அணைக்கு நேர் கீழே இருந்தது. மொத்தம் 270 பேர் பலியானார்கள்.

அது அந்நிய தேசத்துக் கதை என்று விட்டுவிட முடியாது. 2020 ஏப்ரல் 10-ல் மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் ஓர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளக் கரை உடைந்து, குழந்தைகள் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். 1979-ல் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளமும் கடலோரத்தில்தான் இருக்கிறது.

மழைக்குக் கணக்குத் தெரியாது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இங்கே வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். பழைய மழைக் கணக்கை நம்பிக் கட்டிய எந்தக் கரையையும் இனி மறுபடி சோதித்துத்தான் ஆக வேண்டும்.

கரை தாண்டும் நீர் கடைசியில் மன்னார் வளைகுடாவுக்குத்தான் போகும். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவுகளும் பவளப்பாறைகளும் அங்கேதான் இருக்கின்றன. முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனாலும், சங்கு எடுக்க இன்றும் முங்குகிறவர்களுக்கு அந்தக் கடல்தான் சோறு.

சட்டம் எங்கே இருக்கிறது?

2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஆற்றின் குறுக்கே தண்ணீரைத் தேக்கவோ திருப்பவோ கட்டுவதைத்தான் அது அணை என்கிறது. கழிவுக் குட்டையின் கரை அந்த வரையறைக்குள் வருவதில்லை. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு விதிகள்தான் பொறுப்பு. அவை பெரும்பாலும் கழிவு நஞ்சா இல்லையா என்று பார்க்கின்றன. பெருமழையில் கரை நிற்குமா என்று பார்க்கத் தனி அமைப்பு தேவை.

நாம் என்ன செய்யலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். கேட்க வேண்டியவை இவை:

* எங்கள் பகுதியில் எத்தனை கழிவுக் குட்டைகள், சாம்பல் குளங்கள் இருக்கின்றன?
* கரையின் உறுதியைக் கடைசியாகச் சோதித்தது யார், எப்போது?
* எத்தனை சென்டிமீட்டர் மழையைத் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள்?
* சுற்றியுள்ள கிணற்று நீரின் ஆய்வு முடிவு என்ன?
* கரை உடைந்தால் எந்தத் தெருக்களுக்கு, எப்படி எச்சரிக்கை வரும்?

அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே இந்த மனுவைப் போட்டுவிடுவது நல்லது.